வலது பக்கத்துப் பாக்ஸ்

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் ஜெனிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுதத் தொடங்கினேன், அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சுகமா இருக்கோம்னா எதுக்கு இம்புட்டு பேப்பரை எடுத்து வச்சிருக்கீக என்று கேட்டாள். ஆகையால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளை ஆஸ்டினும் பாப்பாவும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் ஜெபம் பண்ணுகிறோம். செண்பகத்தோப்புப் பக்கம் நல்ல மழையாம், ராஜபாளையத்தில் தூறலோடு சரி. மம்சாபுரத்து அத்தை முழங்கால் வலியோடு இன்னும் வயலுக்குப் போகிறாள், சொன்னால் கேட்கிற ஆளா அவள். நம் கொல்லையில் முருங்கை காற்றில் முறிந்துவிட்டது, அம்மா ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ போனில் அம்மாவிடம், அப்பாவுக்கு இன்னும் என் மேல கோபம், ரெண்டு வார்த்தை பேசுனதும் போனை உங்கிட்ட தள்ளிவிட்டுருதாக என்று சொல்லி அழுதாயாம். போன கிறிஸ்துமஸுக்கு நீ வராததில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. விஷயம் வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நம் முன்னறை ஸ்டீரியோவிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுமையாகப் படி.

மில்லிலிருந்து ரிட்டயர்டு ஆனபிறகு எனக்கு அதுதானே பொழுது. காலையில் காபி குடித்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, அது சூடாகிற வரைக்கும் ரெக்கார்டைத் துடைத்து, முள்ளை மெதுவாக இறக்கிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தால் அந்த முதல் கரகரப்பே எனக்குப் போதும். நம்மிடம் ஒரு கீர்த்தனை ரெக்கார்டு உண்டே, ஆண்கள் இடது ஸ்பீக்கர் பாக்ஸிலும் பெண்கள் வலது பாக்ஸிலுமாகப் பாடுவார்கள், நடுவில் உட்கார்ந்தால் பாடகர் குழுவுக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் ஒரு நாள் அதைப் போட்டால் பெண்கள் பாடுவதையே காணோம். எங்கோ அடுத்த தெருவில் பாடுவது போல ஈனமாக வருகிறது. பாக்ஸ் போய்விட்டது என்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். கெட்டுப்போனதாக நினைத்த பாக்ஸ் இடப்பக்கம் வந்து கணீரென்று பாடுகிறது, நன்றாக இருந்த பாக்ஸ் வலப்பக்கம் போனதும் ஊமையாகிவிட்டது. அப்படியானால் ஆம்ப்ளிஃபையர்தான் கோளாறு என்று அதைத் தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ரேடியோக் கடை பாண்டிச்செல்வத்திடம் கொடுத்தேன். அவன் போட்டுப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தானே பாடுது என்றான். எனக்கு வந்ததே கோபம், ஏலே உனக்குத்தான் காது அவுட்டு, போயி டாக்டர்ட்ட காட்டு என்று கடையில் நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, தரை துடைக்கும்போது வயரை இழுத்திருப்பே என்று அம்மாவையும் விடவில்லை.

என் காதை நான் சந்தேகப்படாததற்குக் காரணம் இருந்தது. நம் ஆலயத்தில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், நான் எப்போதும் நடைபாதை ஓரத்தில்தான் உட்காருவேன் என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெண்கள் பாடுவது ஒரு குறையும் இல்லாமல் கேட்கிறது. காது நன்றாகத்தானே இருக்கிறது, மெஷின்தான் ஏமாற்றுகிறது என்றே இருந்தேன்.

போன மாதம் அம்மா அறையைக் கழுவிவிட்டு நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டிருந்தாள். திருப்பச் சோம்பல்பட்டு அப்படியே பாக்ஸ் இரண்டுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரெக்கார்டைக் கேட்டேன். பெண்கள் அத்தனை பேரும் பாடுகிறார்கள் ஜெனிலா. ஒரு குரல் விடாமல். ஏட்டி ஓடிவா, வலது பாக்ஸ் பாடுது, தன்னால சரியாயிருச்சு என்று சத்தம் போட்டேன். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். சிரித்துக்கொண்டு அவளைப் பார்க்கத் திரும்பினேன், திரும்பிய உடனே பெண்கள் குரல் போய்விட்டது. மறுபடி சுவரைப் பார்த்தேன், வந்தது. அப்போது ஆண்கள் குரல் இல்லை. அம்மா முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நாளாவே நான் உங்களுக்கு இடப்பக்கமாத்தானே நடந்து வாரேன், கவனிக்கலையா என்றாள். முள்ளைத் தூக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, ரெக்கார்டு முடிந்து சும்மா சுற்றிக்கொண்டே கிடந்தது.

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். வலது காது நரம்பு போய்விட்டதாம், மில் சத்தமும் காரணமாக இருக்கலாம் என்றார். இடதும் அதே வழியில்தான் போகிறதாம், எப்போது என்று சொல்ல முடியாதாம். காதில் மாட்ட மெஷின் கொடுத்திருக்கிறார், தட்டு விழுந்தால் இடி விழுகிறது, மனுஷர் பேசினால் இரைச்சல். மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம், பெண்கள் குரல், குழந்தைகள் குரல். இடது காதில் போனை வைத்தால் உன் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்ன அன்றைக்கு நான், ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லியிருக்கிறேன். அம்மா பிறகுதான் சொன்னாள். நீ அன்றைக்கு எவ்வளவு நொந்திருப்பாய் என்று நினைத்து என்னால் சாப்பிட முடியவில்லை. அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கப் பயந்து போனை அவளிடம் தள்ளிவிடுவது.

நீ வேலையையும் வீட்டையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு திரியாதே, மாப்பிள்ளையையும் கை கொடுக்கச் சொல். இருமல் வந்தால் தள்ளிப்போடாதே. கூப்பிடும்போது முகத்தைக் காட்டி மெதுவாகப் பேசு, அப்பா செவிடாகிவிட்டார் என்று அழுதுகொண்டு பேசாதே, அழுதால் உதடு பார்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காப்பாராக.

இன்னும் ஒன்று. போன வாரம் வீடியோவில் பாப்பா வாயைத் திறந்து திறந்து மூடினாள், தாத்தான்னு கூப்பிடுதா பாருங்க என்று அம்மா சொன்னாள், நானும் கேட்ட மாதிரி தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மே மாதம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறாய். முடிந்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்கே வா அம்மா. அவள் என் மடியில் உட்கார்ந்து இடது காதில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும். அதற்குப் பிறகு கேட்காமல் போனாலும், அவள் வாயசைக்கும்போதெல்லாம் அந்தக் குரலை மனசுக்குள் நானே போட்டுக்கொள்வேன்.

உன் அன்புள்ள அப்பா,
ஞானரத்தினம்
ராஜபாளையம்