ஒன்றும் சாப்பிடாத நாட்களின் கலோரி

ஜூலை 5, சனி

இளநீர் வண்டியை இடித்துவிட்டேன். இடித்தேன் என்பது அதிகம், உரசினேன். பெஹாலா சௌராஸ்தா நாற்சந்தியில் அவ்வளவு கூட்டத்தில் யார்தான் உரச மாட்டார்கள்? ரெண்டு காய் உருண்டது. "கண்ணு தெரியாதா மாஷிமா?" என்று வண்டிக்காரன் பெங்காலியில் ஒரே கத்தல். இருபத்திரண்டு வருஷமாக டைமண்ட் ஹார்பர் ரோட்டில் கார் ஓட்டுகிறவளைப் பார்த்து! கண் சரியாகத் தெரியவில்லை என்பது உண்மைதான். அது வேறு விஷயம்.

இவர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு வந்ததும் திறந்தார். "வண்டியைக் குடுத்துடலாம் மாதங்கி. ஆட்டோல போயிக்கலாம்."

குடுக்கறதாவது! பேங்க்கில் காலம் பூரா குப்பை கொட்டினாரே தவிர, கிளட்ச் எது பிரேக் எது என்று இன்றுவரை தெரியாது இந்த சுந்தரேசனுக்கு. இந்த ஊரில் நான் திருப்பின பக்கம் திரும்புகிற ஒரே ஜீவன் அந்த ஆல்ட்டோதான்.

ஜூலை 9, புதன்

அலிப்பூரில் கண் டாக்டர். ரெண்டு கண்ணிலும் காடராக்ட். ஆபரேஷன் சுலபமாம், கால் மணி நேரமாம். ஆனால் என் மூன்று மாத சர்க்கரை 8.8. "ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று ஃபைலை மூடிவிட்டார். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

சாவி இவருடைய சட்டைப் பையில் போய்விட்டது. டிசம்பர் வரை பார்ப்பாராம். குறையவில்லை என்றால் மாடி வீட்டு கீதாஞ்சலிதி, அதாவது கீதாஞ்சலி அக்காவின் தம்பிக்கு வண்டி. அந்தப் பையன் ஏற்கெனவே வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

அங்கேயே மேக்னா என்று ஒரு டயட்டீஷியன் பெண். வாய்க்குள் போவது எதுவானாலும் போனில் ஏற்ற வேண்டும் என்கிறாள். புனேயிலிருந்து அஷ்வத் வீடியோ காலில் கலோரி எண்ணும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். "அம்மா, பொய் மட்டும் ஏத்தாதே." பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது?

ஜூலை 12, சனி

இன்றிலிருந்து சனிக்கிழமை விரதம். சர்க்கரை குறைந்து, ஆபரேஷன் ஆகி, சாவி கைக்கு வரும்வரை.

ஏற்கெனவே ஏகாதசி இருக்கிறது. பிரதோஷம் இருக்கிறது. சஷ்டி, அஷ்வத் பத்தாவது பரீட்சை எழுதும்போது ஆரம்பித்தது. அவனுக்கு இப்போது முன்வழுக்கை. சங்கடஹர சதுர்த்தி, இவருக்கு சிலிகுரியிலிருந்து மாற்றல் கிடைக்க வேண்டும் என்று. மாற்றல் கிடைத்து, ரிடையரும் ஆகிவிட்டார். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. சுவாமியும் சொல்லவில்லை. பொதுவாக எல்லாமே இவர் ஆயுசுக்கும் ஆரோக்கியத்துக்கும் என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

ஏகாதசி. ஒன்றும் சாப்பிடவில்லை. ஆப்பில் பூஜ்யம் போட்டேன். உடம்பு லேசாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

விரதம். பூஜ்யம்.

நேற்று இவர் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும். சாம்பாருக்கு ரெண்டு தடவை சாதம், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சாப்பாட்டு ராமன். எங்கள் சொந்தத்திலேயே இவருக்கு அந்தப் பெயர்தான், எனக்கு விரத மாதங்கி என்று பெயர். ஆனால் அவருக்கு சர்க்கரை நார்மல், பிரஷர் நார்மல், இடுப்பில் வேட்டி நிற்க மாட்டேன் என்கிறது. நான் இப்படி. கடவுளுக்குக் கண்ணே இல்லை. எனக்காவது காடராக்ட்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சர்க்கரை போடாத டீ சர்க்கரை போடாததுதான். அதில் தோய்த்த மேரி பிஸ்கட்டைத்தான் நான் பிஸ்கட்டாகவே நினைக்கவில்லை. ஒரு டீக்கு மூன்று. நாளைக்கு நாலு டீ. ஆப்பில் கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு! இத்தனை நாள் அதை டீயில் சேர்த்திருந்தேன்.

பொரியை மட்டமாகப் பேசுவேன், வங்காளிகள் எப்போது பார்த்தாலும் கொறிக்கிறார்களே என்று. அது பாவம், ஒரு கிண்ணம் சாப்பிட்டாலும் நூற்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பிஸ்கட் டப்பாவைக் கீதாஞ்சலிதியிடம் கொடுத்துவிட்டேன். அவள் பதிலுக்கு சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

9.3.

ஏறியிருக்கிறது. ஏறி! எட்டு சனிக்கிழமை விரதம் இருந்து ஏறியிருக்கிறது. ரிப்போர்ட் வேறு யாருடையதோ என்று சண்டை போட்டேன். பெயரைக் காட்டினார்கள்.

மேக்னா என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இத்தனை நாள் பூஜ்யமா இருக்கே?"

"விரதம்மா."

"தண்ணீர்கூட கிடையாதா?"

"தண்ணீர் உண்டு. பலகாரம் உண்டு."

"பலகாரம்னா?"

சொன்னேன். அந்தப் பெண் முதலில் குறித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "ஆன்ட்டி, நாளைக்கு ஏகாதசிதானே, சாப்பிடறதை அப்படியே ஏத்துங்க. திட்ட மாட்டேன்." திட்டினால் தேவலை என்று இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

ஏகாதசி. எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

காலை ஒரு டம்ளர் பால், பேரீச்சம்பழம், ரெண்டு வாழைப்பழம். வெறும் வயிற்றோடு பூஜை செய்தால் தலை சுற்றுமே! பதினோரு மணிக்கு வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் போட்டு ஜவ்வரிசி உப்புமா. ஜவ்வரிசி அரிசி இல்லை. மத்தியானம் கீதாஞ்சலிதி வீட்டு லூச்சிப் பூரி நாலு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு ஆலுர் தம். நம் ஏகாதசிக்கு அரிசிதான் ஆகாது, அவர்கள் ஏகாதசிக்கு லூச்சி ஆகும்; ரெண்டு ஊர் சாஸ்திரத்திலிருந்தும் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது. சாயங்காலம் ஜவ்வரிசி வடை மூன்று. நைவேத்தியத்துக்கு சேமியா பாயசம். ராத்திரி பலகீனமாக இருந்ததால் தேங்காய் பர்பி.

மொத்தம் 2340.

நேற்று, சாதம் ரசம் கறி என்று சாதாரணமாகச் சாப்பிட்ட நாளில், 1510.

ரெண்டு தடவை கூட்டினேன். ஆப்பை மூடித் திறந்தேன். அஷ்வத்துக்குப் போன் செய்து, உன் ஆப்பில் ஏதோ கோளாறு என்றேன். "விரதத்தன்னிக்கு என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மாசத்தில் பாதி நாள் விரதம். அதாவது மாசத்தில் பாதி நாள் கல்யாணச் சாப்பாடு. சர்க்கரை குறைய வேண்டும் என்று சனிக்கிழமையையும் சேர்த்தேனே! என்னைப் போல ஒரு அசடு உண்டா?

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். சாப்பாட்டு ராமன் என்னைப் பார்த்துச் சிரிப்பதா?

செப்டம்பர் 13, சனி

பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. நான் வெளியே விடவில்லை, மேக்னாதான். ஒரே சமையல், ஒருத்தருக்கு ஏறுகிறது, ஒருத்தருக்கு ஏறவில்லை, அங்கிள் சாப்பிடுவதையும் ஏற்றுங்கள் என்று அவருக்கே போன் செய்துவிட்டாள். இவருக்கு ஒரே குஷி. நேற்றிலிருந்து தன் போனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

விரத நாளில் என்னை விடக் குறைவாகவா சாப்பிட்டிருப்பார், பிடித்துவிடலாம் என்று சாயங்காலம் அவர் போனை எடுத்துப் பார்த்தேன்.

காலை ரொட்டி ரெண்டு. மத்தியானம் பொரி, வெள்ளரிக்காய், கடுகெண்ணெய் ஒரு ஸ்பூன். ராத்திரி என்று முன்கூட்டியே போட்டிருந்தது: நேற்றைய சாதம், மோர்.

எண்ணூறு சொச்சம்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விரத நாளில் நான் குக்கர் வைப்பதில்லை. இவர் விரதம் இல்லை, அதனால் விரதப் பலகாரம் இவருக்குக் கிடையாது, இருக்கிறவர்களுக்குத்தான் அது. இது நான் போட்ட சட்டம். "நீங்க ஏதாவது பாத்துக்கோங்கோ" என்று காலையில் சொல்லிவிட்டுப் போய் வடைக்குப் பிசைவேன். இவர் ஏதாவது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் ரெண்டு தடவை சாதம் கேட்டால் சாப்பாட்டு ராமன்!

அப்போ இத்தனை வருஷமா விரதம் எனக்கு, பட்டினி இவருக்கா?

"ஏன்னா, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"என்னத்தை?"

"பசிக்கறதுன்னு!"

பேப்பரை மடித்தார். "நீ சுவாமிக்காக இருக்கே. நான் வந்து எனக்கு ரெண்டு வடை குடுன்னு கேட்டா நன்னாவா இருக்கும்?" அப்புறம், "வாசனைதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். கீழே போய் நடந்துட்டு வந்துடுவேன்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. முதலில் கோபம்தான். நடை! நடக்கிறார், நடக்கிறார், அதனால்தான் ஒல்லியாக இருக்கிறார் என்று கட்டிடம் பூரா சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் ஆரோக்கியத்துக்கு விரதம் என்று வைத்தேன்? இவருடைய ஆரோக்கியத்துக்கு. பலித்துவிட்டது. சுவாமியைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கோவில் வாத்தியாருக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வேண்டுதலை நடுவில் விட்டால் தோஷமா?

"உடம்பு சரியில்லாதவாளுக்கு விரதமே கிடையாது மாமி. சாப்பிட்டுட்டு ஒரு நமஸ்காரம் பண்ணுங்கோ, போறும்."

இவ்வளவுதானா? இதை அஷ்வத் பத்தாவது படிக்கும்போதே சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏகாதசி மட்டும் வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் போச்சு.

செப்டம்பர் 20, சனி

மூன்று வேளையும் சாதாரணச் சாப்பாடு. 1480. சனிக்கிழமையில் நான் இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டதே இல்லை.

பசிக்கிறது. நிஜப் பசி. இப்படித்தான் இருக்குமா?

அக்டோபர் 1, புதன்

துர்கா பூஜை நவமி. பந்தலிலிருந்து போக் பிரசாதம் வந்தது, கிச்சுரிப் பொங்கல், லாப்ராக் கூட்டு, சட்னி, பாயேஷ் என்கிற பாயசம். ரெண்டு கரண்டி கிச்சுரி மட்டும் எடுத்துக்கொண்டு, பிரசாதம் கணக்கில் சேருமா என்று மேக்னாவுக்குச் செய்தி அனுப்பினேன். "சேரும் ஆன்ட்டி" என்று பூஜை நாளிலும் ஒரு நிமிஷத்தில் பதில். இரக்கமே இல்லாத பெண்.

பாயேஷ் இவருக்கு.

அக்டோபர் 26, ஞாயிறு

கீதாஞ்சலிதியின் தம்பி மறுபடி வந்தான். பானெட்டைத் திறக்கச் சொன்னான். இவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாவி எங்கேயோ வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றார். சாவி பைக்குள் கிணுகிணுத்தது எனக்கே கேட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

7.1!

மேக்னா கட்டிக்கொண்டாள். கண் டாக்டர் ஃபைலைத் திறந்துவிட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

வலது கண் ஆயிற்று. கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது இவர் முகம். கன்னம் ரெண்டும் உள்ளே போயிருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி?

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. இடது கண் ஜனவரியில். வண்டி ஓட்ட டாக்டர் சரி என்றுவிட்டார்.

விடியற்காலை நானே ஓட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனோம். தாராதலாவில் முன்னால் போன பஸ்ஸின் நம்பரைக் கடைசி எழுத்துவரை படித்தேன், சத்தமாகவே படித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "சரி சரி, ரோட்டைப் பாரு" என்றார்.

வந்து எனக்கு ரெண்டு ரொட்டி, சுரைக்காய்க் கூட்டு. ஆப்பில் ஏற்றியாயிற்று. அப்புறம் அரிசியைக் களைந்து குக்கரை வைத்தேன். ஏகாதசியன்று இந்த வீட்டில் விசில் சத்தம் கேட்டு எத்தனை வருஷமோ, மாடியிலிருந்து கீதாஞ்சலிதி எட்டிப் பார்த்தாள். வத்தக்குழம்பு கொதித்தது, ஒரு வாணலியில் வடை.

மூன்றாவது விசிலுக்கு இவர் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் வரலை" என்றேன். "உட்காருங்கோ."