கலோலைனுக்கு அந்த மாத்திரை வேண்டாம்

ஜூன் 11

என் பிரியமான மகள் லெசியெலிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே தீவில் எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் தெம்பாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை, வேண்டாம் என்றாலும் கேட்காமல் காலையில் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது, முதல் கூடையைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்தோம், இரண்டாவது கூடை எப்போதும் உன் பிசிலா அத்தை வீட்டுக்குப் போகிறது அல்லவா, உன் தம்பி பழக்கத்தில் அதைத் தோளில் தூக்கி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இறக்கி வைத்தான். அவன் பெண்டாட்டி செய்னிக்கு இது ஏழாவது மாதம், கால் வீக்கம் இருக்கிறது, மற்றபடி சுகம். போதகர் மனைவி வியாழக்கிழமை தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார்கள், அவர்கள் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வருமோ, இது நாள் கடந்து வரக்கூடிய கடிதம் இல்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு சந்தோஷமாக, "அம்மா, கலோவும் இப்ப அந்த மூலிகை மாத்திரை எடுத்துக்கறா, ரெண்டு வாரத்துல மூணு கிலோ கொறைஞ்சுட்டா, பள்ளிக்கூட டான்ஸுக்குள்ள பாருங்க எப்படி ஆகறான்னு" என்று சொன்னாய். நான் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனேனே, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொன்னேனே, அடுப்பில் ஒன்றும் இல்லை. மகளே, இதற்கு மேல் படிக்காமல் எழுந்து போய் அந்த டப்பாவை என் பேத்தி கலோலைன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு வா. பிறகு உட்கார்ந்து படி. உன் அத்தை சர்க்கரை நோயால் சாகவில்லை. உனக்கு நாங்கள் சொன்னது பொய்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ சாமான் நிரப்பிக் கப்பலில் அனுப்பிய டிரம் வந்தது நினைவிருக்கும். மேலே போர்வை, செருப்பு, பால் மாவு, நடுவில் இருபத்து நாலு டின் மாட்டிறைச்சி, அடியில் துண்டில் சுற்றி ஆறு டப்பா இளைக்கிற மாத்திரை. இதைப் பார்த்து உன் அப்பா, "உன் மக தின்னவும் அனுப்பியிருக்கா, தின்னதைக் கரைக்கவும் அனுப்பியிருக்கா" என்று சிரித்தார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, டப்பாவில் இருந்த இங்கிலீஷை செய்னிதான் படித்துச் சொன்னாள், எல்லாம் இயற்கை இலை, கெடுதல் ஒன்றும் இல்லை, தினம் இரண்டு என்று. நீ அத்தனை இளைத்து நீலக் கவுனில் நிற்கிற போட்டோவும் கூடவே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் முடைகிற பெண்கள் கூடத்துக்குப் போட்டோவையும் டப்பாக்களையும் எடுத்துப்போய் நடுவில் வைத்தேன். என் மகள் அனுப்பியது, என் மகளைப் பாருங்கள் என்று ஒவ்வொருத்திக்கும் காட்டினேன். பேசாமல் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. உன் அத்தை ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏண்டி சேலா, இது எனக்கு" என்றார்கள். நம் ஊர் வழக்கத்தில் அப்பாவின் அக்கா ஒன்றை எனக்கு என்று சொன்ன பிறகு அது அவர்களுடையது, நீ பிறந்த அன்றைக்கு உனக்கு வந்த முதல் பாயும் அவர்களுக்குத்தான் போனது, உன் கல்யாணப் பலகாரத்தில் மேல் அடுக்கும் அவர்களுக்குத்தான். ஆறையும் எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டார்கள். அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை இருக்கே, டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்களேன் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. நாத்தனாருக்குப் புத்தி சொல்ல நான் யார் என்று விழுங்கிவிட்டேன்.

அவர்களுக்கு அந்த ஆசை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. முந்தின வருஷம் தலைநகரத்துக்குப் போகச் சின்ன விமானத்தில் ஏறும்போது எல்லாரையும் தராசில் ஏற்றினார்கள், அத்தை ஏறியதும் அந்தப் பையன் முள்ளைப் பார்த்துவிட்டு இரண்டு மூட்டையை இறக்கச் சொன்னான், வரிசையில் யாரோ சிரித்தார்கள். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "லெசி புது வீட்டுல முதல் பாயை நான்தான் விரிக்கணும், அதுக்குள்ள எவன் தராசுல ஏத்தினாலும் சிரிக்காத மாதிரி ஆயிடறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள். தினம் இரண்டு என்று செய்னி படித்துக் காட்டியும், "அது அந்த ஊரு ஈர்க்குச்சிங்களுக்கு, நான் ரெண்டாளு, எனக்கு நாலு" என்று நாலு நாலாகப் போட்டார்கள். இலைதானே, நம் வீட்டில் எந்த இலைக் கஷாயத்தை அளந்து குடித்திருக்கிறோம்? மாதம் ஒருமுறை வருகிற நர்ஸ், வேறு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா என்று கேட்டதற்கு, சர்க்கரை மாத்திரையைத் தவிர ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். அவர்கள் மறைக்கவில்லை மகளே, இலையை மருந்து என்று அவர்கள் நினைக்கவே இல்லை, பக்கத்தில் நின்ற நானும் நினைக்கவில்லை.

படகுத்துறைக் கிடங்கில் கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசில்தான் வாரா வாரம் ஏறினார்கள், வீட்டுத் தராசு எதுவும் அவர்களைத் தாங்காது. ஜனவரியில் நூற்று நாற்பத்தெட்டு, பிப்ரவரி கடைசியில் நூற்று முப்பத்தொன்று. பெண்கள் கை தட்டினார்கள். "பிசிலாக்கா, இன்னும் ரெண்டு மாசம் போனா காயப்போட்ட கணவாய் மாதிரி கொடியில தொங்குவ, காத்து வந்து தூக்கிட்டுப் போயிடப் போகுது" என்று ஒருத்தி கேலி பண்ண, "என்னைத் தூக்கற காத்து இன்னும் பொறக்கலடி" என்றார்கள். எல்லாரும் என்னிடம் வந்து எங்களுக்கும் உன் மகளிடம் சொல்லி வரவழைத்துக் கொடு என்று கேட்டார்கள், நான் தலை நிமிர்ந்து நடந்தேன். அத்தை சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவதைப் பார்த்தேன், பன்றிக்கறி வாசனைக்கே குமட்டுகிறது என்றார்கள், உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார்கள், மருந்து வேலை செய்கிறது என்று நான்தான் சொன்னேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் கண் வெள்ளை மஞ்சளாகக் கிடந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது.

அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த தலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பொண்ணு, நம் ஊர்ப் பொண்ணுதான், என்னைத் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டாள், அப்போதுதான் நான் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, இலையைக் கொதிக்க வெச்சு ஒரு கோப்பை குடிக்கறது வேற, ஒரு கூடை இலையோட சத்தை ஒரு மாத்திரைக்குள்ள அடைச்சு முழுங்கறது வேற. நிறைய பேருக்கு இது ஒண்ணும் பண்ணாது, இளைக்கவும் வைக்காது. சிலருக்கு ஒரு கிலோ, ரெண்டு கிலோ குறையும், நிறுத்தினா திரும்பி வந்துடும். யாரோ ஒருத்தருக்கு ஈரலைக் கெடுத்துடும், அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டி எங்களாலயும் சொல்ல முடியாது" என்றாள். பதினேழு கிலோ குறைந்ததே என்றேன். "அது மருந்து இளைக்க வெச்சது இல்லம்மா, நோய் தின்னது" என்றாள். ஏற்கெனவே அத்தையின் ஈரலில் கொழுப்பு இருந்ததாம், அதனால் மாத்திரைதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சொன்னாள், நானும் பண்ணவில்லை. சில டப்பாக்களில் இலை என்று எழுதிவிட்டு வேறு எதையோ கலக்கிறார்களாம், டப்பா ஏதாவது மீதி இருந்தால் கொடுங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம் என்றாள். இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை லெசி. ஆறாவது டப்பா திறக்காமல் அத்தை வீட்டு அலமாரியில் இருந்தது, அதை நான் எடுத்து வந்து என் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதன் மேல் உன் கையெழுத்தில் அம்மாவுக்கு, லெசியெலி என்று ஒட்டியிருக்கிறது. தம்பி மகள் அனுப்பியதைத் தின்று அத்தை செத்தாள் என்று ஊர் பேசும் என்று பயந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசி வாரத்தில் அவர்கள் கை மெலிந்து மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது, அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "இப்பக் கூப்பிடுடி அந்தத் தராசுக்காரனை" என்று சிரித்தார்கள், என்னால் சிரிக்க முடியவில்லை. பிறகு கிட்டே வரச் சொல்லி, "சேலா, லெசி காதுக்கு இது போகக் கூடாது. ஆசையா அனுப்பின புள்ள. சர்க்கரைன்னு சொல்லிடுங்க. இது என் வார்த்தை" என்றார்கள். உன் அப்பாவும் நானும் தலையாட்டினோம். நாற்பத்தோரு வருஷம் இந்த வீட்டில் இருந்து அவர்கள் வார்த்தையை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. சவப்பெட்டி ஃபெர்ரியில் வந்து இறங்கியபோது உன் தம்பி, அத்தைக்குச் செய்கிற துக்க முறைப்படி, தலைமுடியை வெட்டிக்கொண்டு கிழிந்த பெரிய பாயைக் கட்டிக்கொண்டு சமையல் பக்கம் போய் உட்கார்ந்தான். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அங்கிருந்தே இடுப்புவரை இருந்த முடியைக் காதோடு வெட்டி போட்டோ அனுப்பினாய். அதைப் பார்த்து எல்லாரும், பார், அத்தைக்கு எவ்வளவு மரியாதை செய்கிறாள் என்றார்கள். ஒன்றும் தெரியாமல் வெட்டியிருக்கிறதே பிள்ளை என்று நினைத்து அழுதேன். இந்தப் பொய்யை நான் குழிக்குள் கொண்டுபோக முடிவு செய்திருந்தேன். கலோலைன் பெயர் வந்ததும் முடியவில்லை. அத்தை வார்த்தையை இன்றைக்கு மீறுகிறேன், அந்தப் பாவம் என்னுடையது, உனக்கு அதில் பங்கில்லை.

நீ அனுப்பியது அன்பு, அதை வாங்கிக் கடைவீதியில் கொண்டுபோய் வைக்காத குறையாகப் பெருமையடித்தது நான், புத்தி சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடியது நான். ஆகவே உன்னை நீயே அடித்துக்கொண்டு உட்காராதே, அதற்கு இப்போது நேரம் இல்லை. நீ எடுத்துக்கொள்வதையும் நிறுத்து, நீ நிறுத்தாமல் அவளை நிறுத்தச் சொன்னால் பதினைந்து வயதுப் பிள்ளை கேட்குமா? டப்பாவைக் குப்பையில் போடாதே, டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு, இருவருக்கும் ரத்தம் எடுத்து ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல். அவளுக்குக் குமட்டல் இருக்கிறதா, அரிப்பு இருக்கிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று கேள், வெட்கப்பட்டு மறைப்பாள், விடாதே. பள்ளிக்கூடத்தில் அவளை ஃப்ரிட்ஜ் என்று கூப்பிடுகிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னாயே, அப்படிக் கூப்பிட்டவர்களின் வீட்டுக்குப் போய் நான் ஒருநாள் சமைத்துப் போட்டால் தெரியும், ஆனால் அதற்காக அவளைத் திட்டாதே, டப்பாவைப் பிடுங்கிக் கத்தாதே. உன் பாட்டி அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்று சொல்லி இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. போன வருஷம் இங்கே வந்து கோயிலில் தனியாக நின்று பாடினாளே, அந்தப் பாட்டை இன்னும் பெண்கள் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள், அந்தக் குரல் வருகிற உடம்பு எனக்கு எந்த எடையில் இருந்தாலும் போதும். இளைக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசை இருந்தால் நீயும் அவளும் சாயங்காலம் நடங்கள், டின் இறைச்சியையும் ஆட்டு விலாக்கொழுப்பையும் உங்கள் வீட்டிலும் குறை, எங்கள் டிரம்மிலும் குறை. மெதுவாகக் குறையட்டும், குறையாவிட்டால் போகட்டும்.

வியாழக்கிழமை போதகர் மனைவியை வழியனுப்ப நானும் ஃபெர்ரி ஏறுகிறேன். அந்த ஆறாவது டப்பாவை எடுத்துப்போய் அந்த டாக்டர் பொண்ணு கையில் கொடுத்து, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். உன் பெயர் ஒட்டியதைக் கிழித்துவிடத் தோன்றியது, கிழிக்கவில்லை. பாய் முடைகிற கூடத்திலும் திங்கட்கிழமை எழுந்து நின்று சொல்வேன், அங்கே இன்னும் மூன்று பேர் எங்கிருந்தோ வேறு மாத்திரை வரவழைத்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஊர் பேசினால் பேசட்டும், உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், என் பேத்தியின் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். ரத்தம் பார்த்த முடிவு வந்ததும் அன்றைக்கே போன் பண்ண மறக்காதே. இங்கே எல்லாரும் சுற்றி உட்கார்ந்துதான் போனைக் கேட்பார்கள், என் தப்பை ஊர் பேசட்டும், பிள்ளையின் உடம்பைப் பேச வேண்டாம், அதனால் விவரம் ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு ஒன்றும் இல்லை என்றால், அம்மா, கலோ வயிறாரச் சாப்பிட்டாள் என்று மட்டும் சொல். எனக்குப் புரிந்துவிடும்.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா சேலா