மஞ்சளாகிப்போன கரைசல்

என் மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று வீடியோவில், "ஆய்வு முடியப்போகுது உம்மா, பெருநாளைக்கு வந்துருவன்" என்றாய். உன் முதுகுக்குப் பின்னால் இருந்த குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமாரியம் அயடைட்டுக் கரைசல் கடும் நீலமாக இருக்கும், கொஞ்சம் காற்றுப் பட்டாலும் மஞ்சளாகிக் கெட்டுவிடும் என்று நீதானே சொல்லித் தந்தாய். அது மஞ்சளாக இருந்தது. உன் கண்கள் சிவந்திருந்தன.

உன் சீதன வீட்டுக்கு வாப்பா பெயின்ற் அடித்து முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெருநாள் கழிந்ததும் கல்யாணம் என்கிறார்கள்.

"புள்ள என்னவாம்?" என்று வாப்பா கேட்டார்.

"சிக்னல் சரியில்ல" என்றேன்.

நீ கரைசலைத் திரும்பச் செய், மகள். வாப்பாவிடம் நான் கதைக்கிறேன். வீட்டைப் பூட்டி வைக்கலாம். காற்றுப் பட்டு அது ஒன்றும் கெட்டுப்போகாது.

உன் உம்மா