உன் பெயர் வைத்த நத்தை

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நல்லது செய்வதாக நினைத்து உன் பெயரை ஒரு வம்பில் மாட்டிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய குட்டையில் நாம் பொறுக்கிய நத்தை நினைவிருக்கிறதா? பக்கத்து ஏரி நத்தையில் பாதி அளவு, தடித்த ஓடு. புது இனம்தான் என்று நான் குதித்தேன். நீ ஒப்பவில்லை.

"அக்கா, தண்ணியில உப்பு இருக்கறதால இப்படி வளருதோ என்னமோ. முட்டையை ஏரித் தண்ணியில வளர்த்துப் பார்த்துட்டுப் பேரு வைக்கலாமே" என்றாய்.

ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டு ஒரு வாரம் நாம் பேசவில்லை. அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. கோபத்தோடுதான் போனாயா?

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. கடல் குட்டைக்குள் புகுந்து ஒரு நத்தையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பெயரில்லாமலே ஓர் இனம் அழிந்துவிட்டதே என்று பதறினேன். நாம் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுவைத்திருந்த நத்தைகளை வைத்து அவசரமாகக் கட்டுரை எழுதி, உன் பெயராலேயே 'லிம்னேயா ஸ்டெல்லே' என்று சூட்டி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பொம்மையார்பாளையத்தில் உங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, உன் அம்மா என் கையை விடவே இல்லை.

அடுத்த மழையில் ஏரி வழிந்து குட்டையில் கலந்தது. இந்த வருஷம் போய்ப் பார்த்தால் அதே சின்ன நத்தைகள். எங்கிருந்து வந்தன? உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையிடம் கேட்டேன். மழைத் தண்ணீரோடு வந்தவை பெரிதாகத்தான் இருந்தன, இங்கே பிறந்ததுகள்தான் இப்படி என்றார். நீ உப்பைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது.

நீ சொன்னபடி முட்டைகளை வீட்டுக்கு எடுத்துவந்து ஏரித் தண்ணீரில் விட்டேன். வாராவாரம் அளந்தேன். பெரிதாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அளந்த அற்பத்தனத்தை உன்னிடம் மறைக்கமாட்டேன். அவை மெல்லிய ஓட்டோடு வளர்ந்தன, ஏரி நத்தையாகவே.

அதற்குள் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. அச்சேறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். செல்லாத பெயர்களின் பட்டியலில் நீ காலத்துக்கும் கிடப்பாய், அதுவும் நீ நம்பாத ஒன்றுக்காக. கட்டுரையை நிறுத்தச் சொல்ல நான்கு நாள் எஸ்.டி.டி. பூத்துக்கு அலைந்தேன். இதழாசிரியர் ஊரில் இல்லை. ஐந்தாம் நாள் கிடைத்தார். முயற்சி செய்கிறேன் என்று மட்டும் சொன்னார். இதழ் வந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, உன் பெயர் இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதைவிடப் பெரிய பயம் உன் அம்மாவை நினைத்து. சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். 

"அப்போ எங்க ஸ்டெல்லா சொன்னதுதான் சரியா?"

"ஆமாம்மா."

"அப்போ அதை எழுதும்மா. அவ சொன்னான்னு எழுது."

எழுதுகிறேன் ஸ்டெல்லா. புதுக் கட்டுரையில் ஆய்வாளராக உன் பெயர் முதலில் வரும், என் பெயர் பின்னால். இன்னொரு தொகுதி முட்டைகளையும் வளர்த்துப் பார்க்காமல் அனுப்பமாட்டேன். இது சத்தியம்.

உன்னிடம் தோற்றுப்போன
உன் அக்கா,
பரிமளா