மரக்கறிச் சட்டியில் முட்டை

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாமித்தட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வருகிறது. அடுப்பில் உம்முடைய சின்ன அலுமினியச் சட்டிக்குள் ஒரு முட்டை அவிகிறது, அந்த மணமும் வருகிறது. இரண்டும் கலக்கிற இடத்தில், குசினிக் கதவடியில், கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். வேறு எந்தச் சைவ வீடு வெள்ளிக்கிழமையில் இப்படி மணக்கும்? மருமகள் ஒன்றும் கேட்பதில்லை. அவள் வந்த முதல் கிழமையே மாமியாராக நீர் சொல்லிவிட்டீர்: "அது மயிலின்ர சட்டி பிள்ளை. அதிலை கை வையாதை."

எனக்கு எழுத்து வராது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இடைக்கிடை பேனையை நிறுத்தி, "மாமா, மெய்யாத்தானோ?" என்கிறாள். மெய்தான் பிள்ளை, எழுது.

எண்பதுகளின் நடுவில் எனக்கும் உமக்கும் இங்கே லண்டனுக்கு வர வழி கிடைத்தது. தம்பி என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் மகனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே பிள்ளை, ஆனால் வயது கூடிப் போயிற்று என்று விசா கொடுக்கவில்லை. ஊரில் பொடியன்களை வீதியில் வைத்தே பிடித்துக்கொண்டு போன காலம். அங்கே வைத்திருக்கப் பயந்து, ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி, கொழும்பிலிருந்து அவனை வெளிக்கிடுத்தினோம். ஏதோ ஒரு பனி நாட்டிலிருந்து ஒருமுறை ரெலிபோன் எடுத்தான். "அம்மா, இஞ்ச சரியான குளிர். அடுத்த இடத்துக்குப் போய் எடுக்கிறன்." அதற்குப் பிறகு சத்தமில்லை.

அன்றிலிருந்து நீர் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் முழுவதையும் விட்டீர். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று குசினியை இரண்டாகப் பிரித்தீர். எனக்கு மீனோ முட்டையோ வேண்டுமென்றால் நானே காய்ச்சி, நானே தின்று, நானே கழுவ வேண்டும். ஊரில் என்றால் சகுனம் பார்க்கப் பல்லி இருக்கும். லண்டனில் பல்லி இல்லை. காகம் இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, "இஞ்சத்தைக் காகத்துக்கு எங்கட ஆக்களைத் தெரியாது" என்றீர். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று சொல்ல இந்த ஊரில் உமக்கு ஒரு சீவனும் இல்லை. அந்த நேரத்தில்தான் மயில் முட்டை வந்தது.

லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நான் ஐந்து கோழியும் இரண்டு தாரா வாத்தும் ஒரு கினிக்கோழியும் வைத்திருந்தேன். வேலிக்கு அங்காலே ஜோர்ஜ், சைப்பிரஸ்காரன், புறா வளர்க்கிறவன். அவனுடைய மச்சானின் பண்ணையில் அடைகிடந்த பெண்மயிலை நரி கொண்டு போய்விட்டதாம். மிஞ்சின முட்டைகளைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்து, "உன் சிவப்புக் கோழி அடைதானே, அதுக்குக் கீழை வை" என்றான். முட்டையைத் தொடாத நீர், மயில் முட்டை என்று கேட்டதும் இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றினீர். "முருகன் அனுப்பியிருக்கிறானப்பா."

கோழிமுட்டை மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், பொரித்துவிடும். மயில்முட்டைக்கு மேலும் ஒரு கிழமை வேண்டும். தன் கணக்கு முடிந்ததும் சிவப்புக் கோழி எழும்பப் பார்த்தது. நீர் உடுப்புக் கூடையை அதன் மேல் கவிழ்த்து, பக்கத்திலேயே இருந்து தேவாரம் பாடினீர். கோழி உமக்குப் பயந்து கிடந்ததோ, தேவாரத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததோ, நாலு குஞ்சு பொரித்தது. கடைசியாக வந்தது சரியான சின்னன். முட்டைக் கோதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு நீர் தம்பி என்று பேர் வைத்தீர்.

"இஞ்சாரும், அந்தப் பேர் வேண்டாம்."

"ஏன்? இது தப்பினால் அவனும் தப்புவான். நான் முருகனிட்டைச் சொல்லிப்போட்டன்."

தப்பாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குஞ்சு எனக்குக் குஞ்சாகத் தெரியவில்லை. அது கண்ணை மூடினால் நான் போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைப்பது வழக்கம். அவனுடைய வாகனமும் அதைத்தான் தின்னும் என்பது உம்முடைய கணக்கு. கிளிக்குப் போடுகிற தினையைப் பறவைத்தீன் கடையில் வாங்கி, கழுவிக் காயவைத்து, கிரைண்டரில் அடித்து, தேன்விட்டுக் குழைத்துக் கொடுத்தீர். குஞ்சுகளின் சொண்டெல்லாம் பசை. தாராக்கள் வந்து மிச்சத்தை நக்கிவிட்டுப் போகும். தாராக்கள்தான் கொழுத்தன.

முதலில் குஞ்சுகளின் இறக்கைச் செட்டை தொங்கியது. பிறகு கால் மடங்கியது. ஒரு நாள் காலமை இரண்டாவதாகப் பொரித்த குஞ்சு விறைத்துக் கிடந்தது. நீர் ஓடிவந்து, குனிந்து பார்த்து, "தம்பி இல்லை, இது மற்றது" என்று மூச்சுவிட்டீர். நானும் விட்டேன்.

ஜோர்ஜ் வேலி தாண்டி வந்து குஞ்சுகளின் எச்சத்தைக் குச்சியால் கிண்டிப் பார்த்தான். மஞ்சள், கந்தக மஞ்சள். அவனுடைய இங்கிலீசும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை, அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கும். "கோழி, தாரா, மயில், எல்லாம் ஒரே மண்ணிலை. கோழி நடந்த மண்ணிலை ஒரு வருத்தம், ஒரு கிருமி இருக்கு. அது கோழியை ஒண்டும் செய்யாது, மயில்குஞ்சைக் கொல்லும். தாயிட்டையிருந்து எடுத்து மண் படாமல் பெட்டியிலை வை. தண்ணிக்குள்ளை போட மருந்து நான் தாறன். அவிச்ச முட்டை குடு, புழு குடு. மாவும் தேனும் குடுத்து ஆர் பறவை வளத்தது? இது என்ன, உங்கட கலியாண வீடோ?"

நீர் கதவடியில் நின்றீர். "என்னவாம்?"

சொன்னேன்.

"முருகன்ர வாகனத்துக்குப் புழுவோ!"

"அட, மயில் பாம்பையே தின்னும். சாமிப்படத்தைப் பாரும், காலுக்குக் கீழை பாம்பு கிடக்கு."

"அது பிடிச்சு வைச்சிருக்கு. தின்னேல்லை."

சிரிப்பு வருகிற நேரமில்லை அது. ஆனாலும் ஜோர்ஜுக்கு அதை மொழிபெயர்த்தேன், அவன் தலையிலடித்துக்கொண்டு போனான். "சரி, புழு வேண்டாம், முட்டையாவது குடுப்பம்" என்றேன். மாட்டேன் என்றீர். "அப்ப தாயிட்டையிருந்தாவது எடுப்பம்." அதற்கு நீர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னீர்.

"பிரிஞ்சு கிடக்கிறது காணாதோ? இதுகளையும் பிரிக்கச் சொல்லுறியளோ?"



அந்தக் கிழமை வீடு வீடாக இருக்கவில்லை. நான் பாண் பேக்கரியில் ஷிப்ட் முடித்து வந்து கதவைத் திறந்தால் முதலில் உம்முடைய முகத்தைத்தான் பார்ப்பேன், குஞ்சோ பிள்ளையோ என்று. ரெலிபோன் அடித்தால் இரண்டு பேரும் எழும்புவோம், ஆனால் எடுக்க ஆளில்லை. "நீங்கள் எடுங்கோ." "நீர் எடும்." அதற்குள் அடித்து ஓய்ந்துவிடும். பிறகு ஆர் எடுத்தது, ஏன் எடுத்தது என்று சோறு இறங்காது. பின்வளவுக்குப் போனால் தம்பி என்கிற குஞ்சு தாயின் செட்டைக்கு வெளியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். நீர் சிரட்டையில் தேன்மாவை நீட்டுவீர். அது பார்க்காது.

மழை தூறின ஒரு காலமை. நான் கோழிக்கூட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், நீர் குஞ்சடியில். ரெலிபோன் அடித்தது. இந்தமுறை நீர் ஓடினீர். நான் பின்னால் வந்தேன். ஏஜென்சிக்காரனின் ஆள். நீர் "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றீர். ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னீர்: "தம்பியாக்கள் எல்லையிலை பிடிபட்டிட்டினமாம். எங்கை வைச்சிருக்கிறாங்கள் எண்டு தெரியாதாம்."

திரும்பிப் பின்வளவுக்கு வந்தோம். சிவப்புக் கோழி எழும்பி அங்காலே போயிருந்தது. அது கிடந்த இடத்தில் தம்பி கிடந்தது. கழுத்து ஒரு பக்கம். தொட்டுப் பார்க்கத் தேவையில்லை.

நீர் விழப்போகிறீர் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். நீர் விழவில்லை. ஈர மண்ணில் குந்தி, அந்தக் குஞ்சை எடுத்துச் சீலைத் தலைப்பால் சொண்டைத் துடைத்தீர். தேன் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினீர். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னீர்:

"இதை இனித் தம்பி எண்டு சொல்லாதேங்கோ. இது மயில்குஞ்சு. பசியிலையும் வருத்தத்திலையும் செத்தது, என்ர விசராலை செத்தது. தம்பி வேறை. தம்பி எங்கையோ இருக்கிறான்."

எழும்பி உள்ளே போனீர். மச்சச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. நீர் உம்முடைய மரக்கறிச் சட்டியை எடுத்து, தண்ணீர் விட்டு, கோழிமுட்டை ஒன்றை வைத்தீர்.

"இஞ்சாரும், என்ர சட்டி இருக்கே."

"அது மீன் மணக்கும். குஞ்சு தின்னாது."

எத்தனையோ மாதம் முட்டை அவிக்காத கை. உரிக்கிற பக்குவம் மறந்து வெள்ளைக் கருவையும் சேர்த்துப் பிய்த்தீர். சூடு ஆற முன்னமே உள்ளங்கையில் வைத்து நசித்து, மிஞ்சின இரண்டு குஞ்சுக்கும் முன்னால் நீட்டினீர். ஒன்று கண்ணைச் சரித்துப் பார்த்தது. ஒரு கொத்து. பிறகு இன்னொன்று. உம்முடைய உள்ளங்கை சிவக்கும்வரை கொத்தின. நீர் கையை எடுக்கவில்லை.

அதன்பிறகு இரண்டையும் நீரே தூக்கிக்கொண்டு வந்து, ஜோர்ஜ் தந்த பலகைப் பெட்டியில் குசினிக்குள் வைத்தீர். சிவப்புக் கோழி பின்கதவில் வந்து நின்று கத்தியது. நீர் கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருந்துகொண்டு, கோழியோடு கதைத்தீர்.

"கத்தாதையடி. உன்னோடை வைச்சிருந்தால் செத்துப்போகுங்கள். அதுதான் எடுத்தது. வேண்டாமெண்டோ எடுத்தது?"

நான் பெட்டிக்கு லைட் பூட்டுகிற சாட்டில் அங்காலே திரும்பி நின்றேன்.

மீன் தூண்டிலுக்கு விற்கிற புழுவை ஜோர்ஜ் டப்பாவில் கொண்டுவந்தான். "இதை நீங்கள் போடுங்கோ, நான் அங்காலை பாக்கிறன்" என்றீர். அங்காலே பார்த்துக்கொண்டே, "திண்டதோ? எத்தினை திண்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர். ஜோர்ஜின் மருந்து, முட்டை, புழு. செட்டை மேலே ஏறியது. எச்சத்தின் மஞ்சள் மாறியது. ஆனால் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. குஞ்சு தேறத் தேற எனக்குப் பயம்தான் கூடியது, நீர் திரும்பவும் இவற்றில் ஒன்றுக்குப் பேர் வைத்துவிடுவீரோ என்று. நீர் வைக்கவில்லை. "பெரிசு, சின்னன்" என்றுதான் கடைசிவரை கூப்பிட்டீர்.

மயில்களுக்குக் கொண்டை முளைத்து, அவை பின்வளவுக் கூரையில் ஏறத் தொடங்கி, குளிரும் வந்துவிட்டது. அப்படி ஒரு பின்னேரம் ரெலிபோன் அடித்தது. நீர்தான் எடுத்தீர். "அம்மா, நான்தான்." ஒரு நாட்டுச் சிறையில் வைத்திருந்துவிட்டு வெளியில் விட்டிருந்தார்கள். இங்கே வந்து சேர அவனுக்கு அடுத்த கோடைகாலம் வரை எடுத்தது. வந்தவன் பின்கதவைத் திறந்து, "என்னம்மா, லண்டனிலை மயில் வளக்கிறியளோ! உங்களுக்கென்ன விசரோ?" என்றான். "ஓம், இருந்தது" என்றீர் நீர்.

கோவிலில் ஒரு மனிசி உம்முடைய கையைப் பிடித்து, "நீங்கள் முருகன்ர மயிலைக் காப்பாத்தினியள், முருகன் உங்கட பிள்ளையைக் காப்பாத்தினான்" என்று கண்ணீர் விட்டாள். நீர் அவளுக்குச் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "மயில் தப்பினது முட்டை திண்டு. பிள்ளை வந்தது அவன் பட்ட பாட்டாலை. முருகனைக் கும்பிடுறன், அது வேறை." அந்த மனிசி கையை விட்டுவிட்டாள். நீர் வழக்கம்போல அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் போய் நின்றீர். மச்சம் கடைசிவரை நீர் தின்னவில்லை. உமக்குப் புதுச் சட்டி வாங்கினோம். பழையது மயிலுக்கென்று ஆனது.

பெரிசை ஒரு மாரியில் நரி பிடித்தது. சின்னன் இருக்கிறது. கிழவியாகி, கூரைக்கு ஏறாமல் பழைய கோழிக்கூட்டு மேலே படுக்கிறது.

போன மாசியில், ஆஸ்பத்திரியில், விடிய வெளிச்சம் வரும்போது நீர் போய்விட்டீர். தம்பி என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுச் செத்தவீட்டு அலுவல் பார்க்க ஓடினான். நான் பின்கதவைத் திறந்தேன். சின்னன் கதவடியில் நின்றது. அதைக் கண்டதும் எனக்கு வந்தது கோபம். உம்முடைய உள்ளங்கையில் வளர்ந்த சீவன். ஒருமுறை அகவினால் என்ன? ஒரு நேரம் தின்னாமல் கிடந்தால் என்ன? நீர் போன அந்த விடியலில் இதற்கு ஒன்றுமே தெரியவில்லையா? நான் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், நீர் அந்தக் காலத்தில் பார்த்ததுபோல, ஏதாவது சொல்லும் என்று.

அது கழுத்தை நீட்டி என் காற்சட்டை நுனியைக் கொத்தியது. முட்டைக்கு.

"இது மயில்குஞ்சு. தம்பி வேறை." ஈர மண்ணில் குந்தியிருந்து நீர் சொன்ன அந்தக் குரல் அப்படியே வந்தது. இது மயில். நீர் வேறு. நான் உள்ளே போய்ச் சட்டியில் தண்ணீர் வைத்தேன். முட்டை அவிந்து முடிகிற வரைக்கும் அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு உரித்து, நசித்து, கையில் வைத்துக் கொடுத்தேன். முழுவதையும் தின்றது.

இப்போது இந்த முட்டையும் அவிந்திருக்கும். மருமகள் பேனையை வைத்துவிட்டு எழும்பப் பார்க்கிறாள். இரு பிள்ளை, நீ எழுதி முடி. உரிக்கிறது நான்.