புக்கிட் பெருந்துங் கச்சேரியின் இரண்டு பதிவுகள்

உன் சாக்ஸபோன் பெட்டியைத் திறந்ததும் தக்கைக்குப் பூசும் மெழுகின் வாசனை வந்தது. நேற்று மாலை, ஈஜோக்கில் உன் வீட்டில், உன் மனைவி சரோஜாதான் அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் அவளுடைய பழைய கைப்பேசி. அடுத்த மாதம் உனக்கு முதலாண்டுத் திதி. வருகிற உறவினர்களுக்கு நீ வாசித்ததைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஒலிபெருக்கிக்காரர் தந்த பதிவு ஒன்று, முன்வரிசையில் உட்கார்ந்து அவளே கைப்பேசியில் எடுத்தது ஒன்று. எது நல்லது என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசித்துப் பிழைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கார் கொட்டகையில் வாசித்தது மட்டும் நமக்காக. மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பின் அவரவர் கற்பனையில் பறக்கிற பீபாப் ஜாஸ். அதை நாம் மேடையேற்றியது ஒரே முறை, புக்கிட் பெருந்துங் மண்டபத்தில். நடுவில் ஒருவர் எழுந்து, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். "இதான் பாட்டுங்க ஐயா," என்றாய் நீ, பணிவாக. அவர் சிரித்துவிட்டுக் கடைசிவரை இருந்தார்.

கடைசி உருப்படியில், வேகம் உச்சத்தில் இருந்தபோது, நீ சட்டென்று நிறுத்தினாய். அப்போதே உனக்கு நுரையீரலில் நோய். மூச்சு போய்விட்டது என்று பயந்து, நானும் ஒரு கணம் நிறுத்திவிட்டு, வெற்றிடம் தெரியாமலிருக்க என் பாஸ் கிட்டாரில் தனியாக வாசித்தேன். திரும்பும் வழியில், மூச்சு வாங்கியதா என்று காரில் கேட்டேன். "நல்லா வாசிச்ச லா," என்று மட்டும் சொன்னாய். காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒலிபெருக்கிக்காரரின் பதிவிலும் அப்படித்தான் இருந்தது. உன் ஒவ்வொரு ஸ்வரமும் கண்ணாடிபோலத் தெளிவு. பிறகு நீ இல்லை. வெறும் டிரம்ஸ், அதன்பின் நான்.

சரோஜாவின் பதிவில் மின்விசிறி இரைச்சல், நாற்காலி இழுபடும் சத்தம், யாருடைய குழந்தையோ அழுகிறது. பாதியில் நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. மைக்கை விட்டு விலகி, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்திருக்கிறாய். கொஞ்சமும் மூச்சிரைக்காமல் உன் குரல்:

"இப்ப நீ வாசிடா. நான் கேக்கணும்."

டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அன்று அது கேட்கவே இல்லை. மறுபடி போட்டேன். நான் வாசிக்க வாசிக்க, "ம்... ம்..." என்று நீ ரசிப்பதும் கேட்டது.

சரோஜாவுக்கு என் முகத்தைப் பார்த்து ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் அண்ணே. நீங்க தனியா வாசிக்கவே மாட்டேங்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதுக்குத்தான் நிறுத்தினாராம்."

உண்மைதான். என் முறை வரும்போதெல்லாம் தலையாட்டி உன்னிடமே விட்டுவிடுவேன். நீ சலிக்காமல் வாங்கிக்கொண்டு வாசிப்பாய். எனக்காக நீ காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசிப் பதிவையே போடச் சொன்னேன். இரைச்சலாக இருக்கிறதே என்றாள். இருக்கட்டும் என்றேன்.

நீ போனபின் நான் கிட்டாரைத் தொடவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் நம் லிம் எத்தனையோ ஞாயிறு கூப்பிட்டும் சாக்குச் சொல்லிவந்தேன். இன்று காலை நானே அவனை அழைத்து, இந்த வாரம் வருகிறேன் என்றேன். சாக்ஸபோன் இல்லாமல் உன் இடத்தை யார் வாசிப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

நான் வாசிக்கிறேன் என்றேன்.