கை மாறிய கோழி

அக்கா,

பள்ளியில் புதிதாகக் கார்பாலிக் சோப்பு வாங்கியிருக்கிறார்கள். ஊரில் காய்ச்சல் நடமாடுவதால் பிள்ளைகள் எல்லோரும் சாப்பாட்டுக்கு முன் வரிசையில் நின்று கை கழுவ வேண்டும் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. இன்று மேற்பார்வை பார்க்க வேண்டியது என் முறை. அந்தச் சிவப்புக் கட்டி ஒரு சிறு கையிலிருந்து இன்னொரு சிறு கைக்கு வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாசனை எழுந்தது. கடைசி வருஷம் முழுவதும் உங்கள் விரல்களில் இருந்த வாசனை அது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி நீங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கொல்லையில் மரவள்ளி நட்டிருக்கிறார்கள். கோழிக்கூடு நின்ற இடத்தில் மட்டும் செடிகள் மற்றவற்றைவிட உயரம். அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை எனக்கு இல்லை. ஆனாலும் போகிறேன்.

ரயிலில் கார்டாக இருந்த உங்கள் கணவர் இறந்த பிறகு, முட்டை விற்றுத்தான் நீங்கள் பிழைத்தீர்கள். ஒருநாள் முத்தையா அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தார். ரயில் யார்டில் பெட்டி கோக்கும்போது வலது காலை இழந்தவர். ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டார். நீங்கள் இரண்டு பெட்டைக் கோழிகளை அவர் கக்கத்தில் வைத்து, "வளர்த்துப் பாருங்கண்ணே. செத்துப்போனா குழம்பு வச்சிடுங்க, எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்க" என்றீர்கள். அவை சாகவில்லை. அவர்தான் பங்சார் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து அஞ்சலையைக் கூட்டிவந்தார். அம்மை போட்டதில் சிறு வயதிலேயே கண் போனவள். அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர், எல்லோரும் கண் தெரியாதவர்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் சாக்கு விரித்து வட்டமாக உட்காருவீர்கள்.

சர்ச்சில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவள் என்பதால் நானும் அதில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலக் கோழிப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தமிழில் சொல்வது என் வேலை. மண்ணெண்ணெய் விளக்கு வைத்த குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பற்றி நான் வாசித்தபோது, "விளக்குக்கு எண்ணெய் வாங்க யாரு முட்டை போடுவா?" என்று அஞ்சலை கேட்டாள். அதோடு என் புத்தகம் மூடிக்கொண்டது. உங்கள் பாடம் கையிலிருந்து கைக்குப் போனது. ஒரு கோழியை எடுத்து அஞ்சலையின் மடியில் வைப்பீர்கள். அவள் கழுத்தடியில் இரைப்பையைத் தடவுவாள், நெஞ்செலும்பைத் தடவுவாள், பின்புறம் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்து முட்டையிடுகிறதா என்று பார்ப்பாள். பிறகு அந்தக் கோழி அடுத்தவர் கைக்கு, அங்கிருந்து அடுத்தவர் கைக்கு. எங்கள் எல்லோருக்கும் நீங்கள் வைத்த சட்டம் ஒன்றுதான். "கண் தெரியாதவங்க கையில எதையும் பாதியில விடாதே. அவங்க வாங்கிட்டேன்னு சொல்லணும். அப்புறந்தான் உன் கை வரணும்."

முதல் நாள் நான் பயத்தில் முன்னதாகவே விட்டுவிட்டேன். கோழி கூரைமேல் போய் உட்கார்ந்தது.

"டீச்சரம்மா பரீட்சையில பெயிலு!" என்று முத்தையா அண்ணன் கட்டையால் தரையைத் தட்டினார்.

"ஏ பி.ஏ., அது புத்தகமில்ல, உயிரு. நெஞ்சுக்கடியில கை குடு" என்றீர்கள். நீங்கள் சிரித்தால் அடுத்த வீட்டு நாய் குரைக்கும்.

இரண்டு வருஷத்தில் அஞ்சலையிடம் பத்துப் பன்னிரண்டு கோழிகள் ஆயின. அவளுடைய தம்பிமகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக, சீனர் காப்பிக் கடைக்கு அவளே முட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு கோழியாக எடுத்து இரைப்பை தடவிப் பார்க்காமல் அவள் படுத்ததில்லை. கண்ணுள்ளவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுவோம். அவள் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். லயத்தில் வேலையில்லாமல் யாரும் இருக்கக்கூடாது என்றார்கள். அஞ்சலையின் தம்பிக்கு வேலை தப்பியது. ஆனால் இவளை என்ன செய்வது? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கல்நெஞ்சக்காரர் இல்லை. "பத்துக் கோழி மேய்ஞ்சா அதுவும் ஒரு பிழைப்புதான்னு துரைகிட்ட சொல்றேன். அடுத்த மாசம் வந்து பார்ப்பேன். கூடு நெறஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சலை அன்று உங்களிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. "மூணு வயசுல என்னத் தூக்கிட்டு வந்தாங்கக்கா. நாடுன்னா எனக்கு என்ன தெரியும்? அங்க இறக்கிவிட்டா நான் எந்தப் பக்கம் திரும்பி யாரைக் கூப்பிடுவேன்?"

"நீ எங்கேயும் போக மாட்டே. கோழியப் பாரு" என்றீர்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை முத்தையா அண்ணன் கூம்பிக் கிடந்த ஒரு பெட்டையைக் கொண்டுவந்தார். கழுத்து தொங்கியது, வாயில் நீர் வடிந்தது. நீங்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கோழிய மட்டும் தடவிப் பழகினா எப்படி? நோயும் கைக்குத் தெரியணும்" என்று அஞ்சலையின் மடியில் வைத்தீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எந்த நல்ல வாத்தியாரும் அதைத்தான் செய்வார். அந்தக் கோழி வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் பொறுமையாகத் தடவினார்கள். வாங்கிட்டேன், வாங்கிட்டேன் என்று ஒவ்வொரு குரலாகக் கேட்டது. பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பொழுது சாய்ந்தது. கூட்டைத் திறந்து, ஒவ்வொரு கோழியாக எடுத்து இரைப்பையைத் தடவிப் பார்த்தார்கள்.

பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, ஒரு வாரத்துக்குள் எல்லோருடைய கூடும் காலி. உங்களுடையதும்தான். மஞ்சளும் வெங்காயமும் அரைத்து ஊட்டினீர்கள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். கொன்று எரிக்கவும் என்று எழுதியிருந்தது. எரிப்பதற்கு விறகு பொறுக்கிக் கொடுத்தது தவிர நான் எதற்கும் உதவவில்லை. எரிந்துகொண்டிருந்தபோது நீங்கள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தீர்கள். "எல்லாருக்கும் நாந்தானே கையில எடுத்துக் குடுத்தேன்" என்றீர்கள். நான் இன்னொரு விறகை எடுத்துப் போட்டேன்.

மறுநாள் நாம் கிள்ளானுக்கு ரயிலேறினோம். மலாய்க்காரர் கிராமமான ஒரு கம்பத்தில் ஆறு பெட்டைகளை வாங்கி, கூடையில் வைத்து, மடியிலேயே சுமந்து வந்தோம். அஞ்சலையின் கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து அவற்றை உள்ளே விட்டோம். நோய் அந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது. அவையும் பிழைக்கவில்லை.

கிராணி சொன்னபடி வந்தார். கூட்டுக்குள் குனிந்து பார்த்தார். "என்னம்மா, கூடு இருக்கு, கோழி எங்க?"

"எனக்கு முன்னாடி கப்பலேறிடுச்சுங்க சார்" என்றாள் அஞ்சலை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்படியே நடந்து போனார்.

எனக்கு ஆங்கிலம் வரும் என்று நீங்கள் என்னைத் தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்பினீர்கள். இருந்த ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். நாற்காலி போட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள். இவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசுகிறீர்களே, எந்தக் காலேஜ் என்று கேட்டார்கள். அஞ்சலையைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நாட்டில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்றார்கள். இல்லை என்றேன். இருப்பார்கள் என்றார்கள். வெளியே வந்து நான் படியில் நின்றபோது சடக்கில் ரிக்‌ஷாக்கள் போய்க்கொண்டிருந்தன. உங்களிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு மூன்று முறை அந்தச் சடக்கையே சுற்றி வந்தேன்.

அஞ்சலையின் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. நாமிருவரும்தான் அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனோம். அதற்குள் உங்களுக்கு அந்தச் சோப்புப் பழக்கம் வந்திருந்தது. கைத்தோல் உரிந்து சிவந்திருந்தது. கப்பலுக்கு ஆளேற்றும் படகு கீழே ஆடிக்கொண்டிருந்தது. அஞ்சலை உங்கள் கையைத் தேடினாள். நீங்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"என் கையத் தொடாதடி."

"கோழிதான் ஒண்ணுகூட இல்லையேக்கா. இனி எதுக்கு நோய் வரும்? குடுங்க."

கொடுத்தீர்கள். படியில் இறங்கும்வரை விடவில்லை. கீழே படகிலிருந்த மலாய்க்காரர் அவளுடைய மறு முழங்கையைப் பிடித்து, வாம்மா என்கிற மாதிரி "மாரி, மாரி" என்றார். நீங்கள் அவரிடம், "வாங்கிட்டேன்னு சொல்லுப்பா" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். நீங்கள் மறுபடியும் சொன்னீர்கள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். ஒரு கை படகிலும் ஒரு கை உங்களிடமுமாக அஞ்சலை நடுவில் நின்றாள்.

"சரிக்கா, நானே சொல்லிடறேன். வாங்கிட்டேன். விடுங்க."

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து, "ஏ பி.ஏ., அந்தப் பக்கம் யாராச்சும் அவளை வாங்கியிருப்பாங்களா?" என்று கேட்டீர்கள். தெரியலக்கா என்றேன். நீங்கள் தலையை அசைத்துக்கொண்டீர்கள். உங்கள் கை என் கையில் இருந்தது. எப்போது விட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லையே அக்கா.

இன்று மத்தியானம் வரிசையில் கடைசியாக நின்ற சின்னப் பெண்ணிடம் அந்தச் சோப்பை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நான் விடவில்லை. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் டீச்சர் இப்படித்தான் என்று பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "ஏய், சொல்லு, சொன்னாத்தான் விடுவாங்க" என்று அவளை இடித்தாள்.

"வாங்கிட்டேன் டீச்சர்" என்றது குழந்தை.

அதன் பிறகுதான் கையை எடுத்தேன்.